எண் குறைந்தால் கனம்

கேம்பல்டனில் என் கடைக்குக்
கித்தான் வாங்க வருகிறவர்கள்
முதலில் இந்த எண்களில்தான் தடுக்கி விழுவார்கள்.
பன்னிரண்டு, மெலிசு.
பத்து, நடுத்தரம்.
எட்டு, நிமிர்த்தி வைத்தால் தானே நிற்கும்.
எண் குறையக் குறையக் கனம் கூடும்.
யார் வைத்த கணக்கோ, என்னைக் கேட்காதீர்கள்.

பனி சேறாகிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை
ரோஸெலீன் வந்தாள்.
பதினேழடி கனூ. பழைய கித்தானை உரித்தாயிற்று.
விலா எல்லாம் தெரியக்
கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கிறதாம்,
இடப்பக்கம் மூன்றாம் விலாவில் ஒரு விரிசலோடு.
"பன்னிரண்டு கொடு.
ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே
அதைத் தலைமேல் கவிழ்த்து நடப்பவள் நான்.
இரண்டு முறை கழன்ற தோள் இது."

எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன்:
பூஞ்சை பிடிக்காத துணி, தண்ணீர் ஒட்டாத துணி என்று
எவன் புகழ்ந்தாலும் வாங்காதே.
மருந்து குடித்த துணி
ஆளிவிதை எண்ணெயைக் குடிக்காது.
பூச்சு மேலேயே நின்று ஒரு வெயிலில் உரியும்.
கோடியாக இருக்க வேண்டும்,
நனைத்துச் சுருக்காமல்,
பாவும் ஊடும் நெருங்கி,
தாகத்தோடு.
பெயின்ட் அடிப்பவர்கள் தரையில் விரிப்பது மலிவுதான்,
நட்டநடுவில் தையல் ஓடும்.
வியாழக்கிழமை வருகிறேன் என்று போனாள்.

மதியம் ஒருவன். ஸ்டானிஸ்லாஸ்.
தொப்பியைக் கழற்றாமலே, "எட்டு" என்றான்.
"ஆகஸ்டில் ரெஸ்டிகூஷ் ஆறா அது?
ஈரமான கல்மேடு.
வயிறு தேயத் தேயப் போக வேண்டும்."
எத்தனை அடி கனூ?
பதினேழு.
மரம் நன்றாக இருக்கிறதா?
"இடப்பக்கம் மூன்றாவது விலாவில்
ஒரு விரிசல்."

அளவுகோலைக் கீழே வைத்தேன்.

வீடு அவளுக்கு, லாரி இவனுக்கு,
கனூ மட்டும்
ஜூலை அவளுக்கு, ஆகஸ்ட் இவனுக்கு என்று
நீதிமன்றத் தாளிலேயே இருக்கிறதாம்.
கித்தானைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பத்து என்று சொல்ல எனக்குத் தெரியாதா?
நடுவில் ஒன்று இருக்கிறது என்பதை
அந்த நீதிபதியே
அலுக்கும்வரை சொல்லிப் பார்த்திருப்பார்.
இவனையும் வியாழக்கிழமை வரச் சொன்னேன்.
நேரம் மட்டும் தெரிந்தே சொன்னேன்.

வந்தார்கள். வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை.
அவள் துணியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.
அவன் சுருளைத் தூக்கி எடை பார்த்தான்.
"பன்னிரண்டே எடு," என்றான் திடீரென்று,
"கல் வந்தால் நான் இறங்கி நடத்திக்கொண்டு போகிறேன்."
"நீயா? பதினோரு வருடம் பார்த்தவள் நான்.
கால் நனைய இறங்கியதில்லை நீ."
அவன் பித்தளை ஆணிப் பெட்டியின் விலையை
மிகுந்த கவனத்தோடு படித்தான்.

"எட்டு கொடு," என்றாள் என்னிடம்.
"ஜூலையில் சுமக்க இவன் வரட்டும்."

பத்தொன்பதடி அளந்தேன்.
முனைகளில் இடுக்கி பிடிக்கக் கூடுதல் வேண்டும்.
இழுத்துக்கட்ட ஒரு ஆள்,
ஆணி அடிக்க ஒரு ஆள் என்று
நான் சொன்னபோது
இருவருமே என்னைப் பார்த்தார்கள்,
நான் ஏதோ விலையை ஏற்றிவிட்டதைப் போல.

தனித்தனி ரசீது.
மடித்துக் கட்டட்டுமா?
"வேண்டாம்," என்றார்கள், ஒரே நேரத்தில்.
அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது:
மடிப்பு ஒருமுறை விழுந்தால்
எத்தனை கை பெயின்ட் அடித்தாலும்
வெயில் சாயும்போது கோடாகத் தெரியும்.

சுருளின் நீளம் ஐந்தடி.
அவளுடைய சின்னக் காரில் மடிக்காமல் போகாது.
அவன் லாரி எதிரில்தான் நின்றது.

பூச்சு காய ஆறு வாரம் ஆகும் என்றேன்.
அவள் வாசலில் நின்று
விரல் விட்டு எண்ணினாள்,
ஏப்ரலில் தொடங்கி.
அவன் என்ஜினை அணைக்கவும் இல்லை,
கிளப்பவும் இல்லை.
நான் கத்தரியைத் துடைத்து மாட்டினேன்.
மேசை முழுக்கப் பஞ்சுத்தூள்.